குடைக்குக் கீழே நிழலில்லா நாள்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் நிழலைப் போக்கிவிட்டாள் என்று ஒரு பேச்சு சித்திரை பிறந்த கையோடு கிளம்பியது. கிளம்பிய இடத்தில் நிழல் இழந்தது ஒரே ஒரு பிள்ளைதான். வீரவநல்லூர் போய்ச் சேர்வதற்குள் அது மூன்றானது. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏழு. திருநெல்வேலி ஜங்ஷனில் பஸ் மாறி ஏறும்போது பள்ளிக்கூடம் முழுவதும் நிழலில்லாமல் அலைந்துகொண்டிருந்தது. ராதாபுரத்துக்குத் தெற்கே போனதும் பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். டீச்சருக்கே நிழல் கிடையாதாம். அவள் செத்து மூன்று வருஷமாகிறதாம். சம்பளம் மட்டும் தவறாமல் வருகிறதாம். இந்தக் கடைசி விஷயம் நடக்கக்கூடியதுதான் என்பதால் அதை யாரும் மறுக்கவில்லை. உவரியில் மீன் ஏற்ற வந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவர் மட்டும் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு அவ்வளவு தெரியும்னா இந்த வெயிலையும் சேத்துப் போக்கச் சொல்லும்வே" என்றாராம்.

சரிபார்க்கலாம். முதலில் டீச்சரின் நிழல். காலை எட்டரை மணிக்கு, பெரிய சாலையிலிருந்து ஊர் பிரியும் பூலாங்கால் விலக்கில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கும்போது, அவளைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு ஒரு நிழல் மேற்கே சாய்ந்து, சாலையில் பாதி வரை கிடக்கிறது. லாரிகள் அதன்மேல்தான் போய் வருகின்றன. ஆக, நிழல் உண்டு. உயிரும் உண்டு. சம்பளம் வருகிறது என்பது மட்டும் உண்மை. மீதியைச் சரிபார்க்க வேண்டுமானால் அவளுடைய கதைக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும்.

பேர் அன்னத்தாய். வயது நாற்பத்து நாலு. ராதாபுரத்துக்குக் கிழக்கே, மரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் வெயிலைத் தவிர வேறொன்றும் விளையாத பனங்காட்டு ஊரில் பிறந்தவள். இருபது வயதில் ஆசிரியர் பயிற்சி முடித்தாள். முப்பத்து மூன்றாவது வயதில் அரசு வேலை வந்தது. நடுவில் இருந்த பதிமூன்று வருஷமும் தனியார் பள்ளிகளில், சம்பளம் என்ற பெயரில் பஸ் காசு வாங்கிக்கொண்டு நின்றே பாடம் நடத்தினாள். கல்யாணம் என்று ஒன்று நடந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. கேட்டவர்களும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

வேலை கிடைத்த ஊர் பூலாங்கால். கன்னடியன் கால்வாய்க் கரையில் வாழையும் நெல்லும் சூழ்ந்த சின்ன ஊர். ஆண்கள் வாழைத்தார் வெட்டப் போவார்கள், இல்லாவிட்டால் சவூதிக்குப் போவார்கள். பெண்கள் வீட்டிலிருந்து பீடி சுற்றுவார்கள். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளி, இரண்டே ஆசிரியர்கள். அன்னத்தாய் வந்து சேர்ந்த வருஷம் நாற்பத்தாறு பிள்ளைகள். பிறகு கால்வாய்ப் பாலத்தில் தினமும் காலையில் தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் வந்து நிற்கத் தொடங்கியது. முதல் வருஷம் ஒரு வேன், அப்புறம் மூன்று. கழுத்துப் பட்டை கட்டிய பிள்ளைகள் ஏறிப் போனார்கள். மிச்சம் பதினொன்று.

அந்தப் பதினொன்று என்பது வெறும் எண்ணல்ல. பத்துக்குக் கீழே போனால் பள்ளியை மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள். எழுத்தில் இல்லை, வாயில்தான். இந்த மாதிரி விஷயங்களில் வாய்தான் உறுதி. நாலு வழிச்சாலையைத் தாண்டிப் போக வேண்டிய அந்தப் பெரிய பள்ளிக்கு இந்தப் பதினொன்றில் எத்தனை ஒழுங்காகப் போகும் என்று அன்னத்தாய்க்குத் தெரியும். பாதி போகும். பாதி பீடித் தட்டுக்கு முன்னால் உட்காரும். அவளுக்கு இருந்த ஒரே கணக்கு இதுதான்: பத்து நிற்க வேண்டும்.

இனி பூமி. பள்ளிக்கூடத்தில் ஒரு பூமி உருண்டை இருந்தது. இரும்பு பீரோவுக்குள், வந்த நாளில் சுற்றியிருந்த பாலிதீன் உறையோடு. இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்ட பொருள். பிள்ளைகள் கைபட்டு ஆப்பிரிக்கா உரிந்துபோனால் தணிக்கைக்கு வருகிறவருக்கு யார் பதில் சொல்வது என்பது தலைமையாசிரியர் பிச்சைக்கண்ணுவின் கவலை. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த மனிதர்; எதுவும் உடையாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை கிடையாது. எனவே பூலாங்காலைப் பொறுத்தவரை பூமி சுற்றுவதில்லை. பீரோவில் பத்திரமாக இருந்தது.

அன்னத்தாய் ஒரு பிளாஸ்டிக் பந்தில் சைக்கிள் கம்பியைச் சொருகினாள். ஸ்டூல்மேல் டார்ச் லைட்டை வைத்தாள். சன்னலைச் சாக்கால் மூடிவிட்டு, பந்தைச் சுழற்றி இரவையும் பகலையும் காட்டினாள். அது லேசாக ஏறிவிட்டது. பருவங்கள்தான் பாடுபடுத்தின. கம்பியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சாய்வு மாறாமல் ஸ்டூலைச் சுற்றி வர வேண்டும். பிள்ளைகள் சுற்றி வந்தார்கள். ஆனால் நடக்க நடக்கக் கம்பியின் நுனியையும் டார்ச் பக்கமே திருப்பிக்கொண்டு வந்தார்கள். அப்படி நடந்தால் வருஷம் முழுவதும் கோடைதான். திருநெல்வேலிப் பிள்ளைகள் அப்படி நினைத்ததில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை என்று அவளுக்கே தோன்றியதாகச் சொன்னாள். புத்தகத்தில் இலையுதிர்காலம் என்றும் போட்டிருந்தது. இங்கே தேக்கு உதிரும்போது வேம்பு தளிர்க்கிறது, வாழை எதற்கும் அசைவதில்லை. அதை அவள் பைய தாண்டிப் போய்விட்டாள்.

நாலாம் வகுப்பு ரைஹானத் தாண்ட விடவில்லை. பீடி சுற்றும் ஷரீபா பீவியின் மகள். எதையும் ஒரு தடவை சொன்னால் நம்பாத பிள்ளை. பூமி சூரியனுக்குக் கிட்டே போவதால்தான் கோடை வருகிறது என்று வகுப்பு மொத்தமும் முடிவுகட்டி வைத்திருந்தபோது, உண்மையில் கிட்டே போவது மார்கழியில்தான் என்று அன்னத்தாய் சொன்னாள். ரைஹானத் இரண்டு நாள் சண்டை போட்டாள். கிட்டே போனால் சுட வேண்டுமே, ஏன் குளிருகிறது என்று கேட்டாள். மூன்றாம் நாள் பந்தைத் தானே கையில் வாங்கிக்கொண்டு, கம்பியைத் திருப்பாமல், ஸ்டூலைச் சுற்றி ஆறு தடவை நடந்தாள். பிறகு போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் அதைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் மட்டும் எழுந்து நிற்பாள்.

நிழலில்லா நாள் என்ற யோசனை அன்னத்தாய்க்கு வந்தது அப்போதுதான். சூரியன் வடக்கே போகிற வழியில் ஒரு நாள், தெற்கே திரும்புகிற வழியில் ஒரு நாள், வருஷத்துக்கு இரண்டே தடவை நம் தலைக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு அந்த ஒரு நிமிஷம் நிழல் இருக்காது. சேரன்மகாதேவி வட்டாரத்துக்கு அது ஏப்ரல் பன்னிரண்டு. அந்த வருஷம் புதன்கிழமை. ஒரு வாரமாகப் பள்ளிக்கூட முற்றத்தில் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சிமெண்டில் நிறுத்தி, நிழலை அளந்து, நேரத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பன்னிரண்டு மணி இல்லை. பன்னிரண்டு இருபது. இந்தியாவுக்கெல்லாம் ஒரே கடிகாரம். அது அலகாபாத் பக்கத்துச் சூரியனுக்குக் கட்டுப்பட்டது. பூலாங்காலுக்குச் சூரியன் வந்து சேர இருபது நிமிஷம் ஆகிறது. மேலேயிருந்து இங்கே வந்து சேரும் மற்ற காரியங்களை நினைத்தால் இது தாமதமே இல்லை.

அவள் நினைப்பு எளிமையானது. ஊர்க்காரர்கள் வந்து பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், பத்திரிகையில் நாலு வரி வரும், வேன் போகும் பள்ளியில் இல்லாத ஒன்று இந்தப் பள்ளியில் இருக்கிறது என்று ஆகும். பத்து நிற்கும். பிச்சைக்கண்ணு அதோடு ஒரு அதிகாரியையும் சேர்த்தார். அதிகாரி வந்தால் போட்டோ தானாக வரும் என்பது அவர் அனுபவம். கல்வி அலுவலகத்தில் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தார். வருவதாகச் சொன்னார்கள். பேனர் அடித்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் போன் வந்தது. அதிகாரியின் மேஜையில் இருந்த நாள்காட்டியில் புதன்கிழமை ராகுகாலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. நல்ல காரியத்தை ராகுகாலத்தில் தொடங்கிவைக்க முடியாது. பதினொன்றரைக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அன்னத்தாய் முதலில் சிரித்தாள். பிறகு பிச்சைக்கண்ணு சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

"சார், பதினொன்றரைக்கு நிழல் இருக்கும்."

"இருக்கட்டும் டீச்சர். அவரு வாறதே பெரிசு. கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா என்ன, சூரியன் எங்க போயிரப் போவுது?"

சூரியன் எங்கேயும் போகாது, நாம்தான் போகிறோம் என்பதைத்தான் அவள் ஒரு மாதமாக நடத்திக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பதினொன்று முப்பத்தைந்துக்கு ஜீப் வந்தது. அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். விஞ்ஞானத்தின் அருமையைச் சொன்னார். மூடநம்பிக்கையை விட்டொழிக்க வேண்டும் என்றார். சொல்லும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். ஏப்ரல் மாதத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது, அதனால்தான் இவ்வளவு வெயில் என்று விளக்கினார்.

ரைஹானத் எழுந்து நின்றாள்.

"இல்ல சார். மார்கழியிலதான் கிட்ட வரும்."

அதிகாரி கோபப்படவில்லை. அப்படியென்றால் மார்கழியில் ஏன் குளிருகிறது என்று சிரித்தபடியே கேட்டார். பூமி சாய்ந்து நிற்கிறது, அதனால்தான் என்று அவள் சொன்னாள். கையைச் சாய்த்தும் காட்டினாள். அன்னத்தாயின் பதினொரு வருஷத்து உழைப்பு அந்தச் சாய்ந்த கையில் இருந்தது. டீச்சர் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வந்தாள். பிச்சைக்கண்ணுவும் வந்தார், காரணம் வேறு.

"நல்லாப் பேசுதியே. உங்க வாப்பா எங்க இருக்காவ?"

"சவூதியில."

"அப்ப மார்கழியில அங்கன போய் நின்னுருக்கும் சூரியன்" என்றார் அதிகாரி. பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரைஹானத் எல்லோருடைய முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

பிறகு குழாய். மணி பதினொன்று ஐம்பது. ஒரு மீட்டர் குழாய்க்கு ஏழு விரல் அளவுக்கு நல்ல கறுப்பாக நிழல் விழுந்திருந்தது. அதிகாரி பேனரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். நிழல் என்றாள் அன்னத்தாய். இல்லை என்றுதானே போட்டிருக்கிறது என்றார் அவர். அரைமணி நேரம் பொறுத்தால் போய்விடும் என்று அவள் சொன்னாள். அரைமணி நேரம் என்றதும் ஜீப் டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போய்விட்டார்.

தீர்வைக் கண்டுபிடித்தவர் அதிகாரியோடு வந்த உதவியாளர். சாரின் தலையில் வெயில் படுகிறது என்று பெரிய குடை ஒன்றை விரித்தார். குடை நிழல் அதிகாரியின் மேலும் குழாயின் மேலும் சேர்ந்து விழுந்தது. குழாயின் நிழலைக் காணோம். "இப்ப எடுங்க" என்றார் உதவியாளர். எடுத்தார்கள். குடை விளிம்பை வெட்டிவிட்டால் ஒரு குறையும் தெரியாத போட்டோ. பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு, ராகுவுக்கு இரண்டு நிமிஷம் மிச்சம் வைத்து, ஜீப் புறப்பட்டது. வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரும், இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கறுப்புக் கண்ணாடி மேஜையிலேயே கிடந்தது. ஜீப் விலக்கில் நுங்குக் கடையில் நிற்கும், ஓடினால் பிடித்துவிடலாம் என்று பிச்சைக்கண்ணு ரைஹானத்தைக் கூப்பிட்டார். அன்னத்தாய் குறுக்கே வந்து வேறு யாரையாவது அனுப்பலாம் என்றாள். வாய் நீளமாக இருக்கிறவளுக்குக் காலும் நீளமாகத்தான் இருக்கும் என்றார் அவர். சின்னத் தண்டனை என்று அவர் நினைத்திருக்க மாட்டார். நினைக்காமலே செய்வதுதான் பழக்கம். ரைஹானத் கண்ணாடியைச் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டு ஓடினாள்.

பன்னிரண்டு இருபதுக்கு அது நடந்தது. மற்ற பத்துப் பிள்ளைகளும் கைகோத்து வட்டமாக நின்றார்கள். குழாயின் நிழல் விரல் அளவாகி, நகம் அளவாகி, இல்லாமல் போனது. மேல்வாயில் விழுந்த வெளிச்சம் உள்சுவரில் எங்கும் படாமல் நேரே அடிவரை இறங்கியது. பிள்ளைகளின் நிழல் அவரவர் காலடிக்குள் போய் ஒடுங்கியது. மூன்றாம் வகுப்பு மாசானம் குனிந்து சுற்றுமுற்றும் தேடினான். பிறகு ஒரு குதி குதித்தான். குதித்தபோது அவனுக்கு நேர் கீழே கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. கால் தரையில் பட்டதும் மறைந்தது. மறுபடி குதித்தான். தெரிந்தது. மறைந்தது. அவ்வளவுதான், பத்துப் பேரும் குதிக்கத் தொடங்கினார்கள். அன்னத்தாயும் ஒரு தடவை குதித்துப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவள் அதை மறுத்தாள்.

ரைஹானத் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு முக்கால். ஜீப் நுங்குக் கடையில் நிற்கவில்லை. அடுத்த கடை வரை போக வேண்டியிருந்தது. குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிழக்கே நீண்டிருந்த நிழலை விரலால் அளந்தாள். ஆறு விரல். மூச்சு வாங்குவது நின்றபின் கேட்டாள்.

"எனக்கு, டீச்சர்?"

"சூரியன் வடக்க போயிட்டுத் திரும்பி வரும்லா. ஆவணி பதினாலு. அன்னைக்கி உனக்குன்னே காட்டுதேன்."

ரைஹானத் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

மாசானம் மட்டும் குதிப்பதை நிறுத்தவில்லை. தலையில் துண்டுகூட இல்லாமல் அந்த உச்சி வெயிலில் ஒரு மணி வரைக்கும் குதித்தான். ராத்திரி காய்ச்சல் அடித்தது. காய்ச்சலில் அவன், டீச்சர் நிழலைப் போக்கிவிட்டாள், குதித்தால்தான் வருகிறது என்று உளறினான். அவன் அம்மா விடிந்ததும் அவனைத் திருநீறு போடும் சாமியாடியிடம் தூக்கிப்போனாள். உச்சிப்பொழுதில் எங்கே நின்றான் என்பதுதான் அந்த ஊர்களில் முதல் கேள்வி. மாடனும் இசக்கியும் நடமாடும் நேரம். பிள்ளைகளை வெளியே விடாத நேரம். அந்த நேரம் பார்த்துப் பிள்ளையை வெட்டவெளியில் நிறுத்தியதோடு நிழலும் போயிற்று என்றால் சாமியாடிக்கு அதற்குமேல் என்ன வேண்டும். மூன்று நாள் வெளியே விடக்கூடாது என்றார். காய்ச்சல் மறுநாளே இறங்கிவிட்டது. ஆனால் அதற்குள் அவன் அம்மா சுற்றிய பீடியைக் கொடுக்கப் பீடிக்கடைக்குப் போய்விட்டாள். ஐந்து ஊர்ப் பெண்கள் பீடித் தட்டோடு வரிசையில் நிற்கிற இடம். எண்ணிக் கொடுக்கிறவரை பேசுவதற்கு எல்லோருக்கும் நேரம் இருந்தது.

மாசானத்தின் அப்பா இசக்கிமுருகன் வாழைத்தார் ஏஜெண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். போன வருஷம் கிராமசபையில் எழுந்து நின்று, அரசுப் பள்ளியை மூட விடமாட்டோம் என்று கைதட்டு வாங்கியவர். அவர் பிள்ளைகள் இரண்டு, அவர் தம்பி பிள்ளை ஒன்று, ஆக மூன்று பேர் அந்தப் பதினொன்றில். திங்கட்கிழமை காலை மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தாள் எழுதி அனுப்பிவிட்டார். பதினொன்றில் மூன்று போனால் எட்டு.

அன்னத்தாய் அன்று சாயந்திரம் பந்தையும் கம்பியையும் டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். நாற்காலி போட்டார்கள். கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். மாசானம் கதவு மறைவிலிருந்து எட்டிப் பார்த்தான். டீச்சரைப் பார்த்ததும் ஒரு குதி குதித்துக் காட்டினான். உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவனை இழுத்துக்கொண்டது. அன்னத்தாய் டார்ச்சை மேஜையில் வைத்துப் பந்தைச் சாய்த்துப் பிடித்தாள். சூரியன் எப்படி உச்சிக்கு வருகிறது, நிழல் ஏன் காலடிக்குள் போகிறது என்று சொன்னாள். வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக அவள் பாடம் நடத்தியதில்லை. இசக்கிமுருகன் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். கடைசியில் பந்தை அவள் கையிலிருந்து வாங்கி, கம்பியைத் திருப்பாமல், மேஜையை ஒரு சுற்று சுற்றிவந்து திருப்பிக் கொடுத்தார். ஒரு பிழை இல்லை.

"எனக்குப் புரியாமலா டீச்சர்? பூமி சுத்துது. நெழல் போவும், வரும். பய வெயில்ல குதிச்சான், காய்ச்சல் வந்துச்சு. எம் பொண்டாட்டிக்கே உள்ளுக்குள்ள தெரியும்."

"பெறவு ஏன்?"

அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருசமா வேன்ல ஏத்தணும்னுதான் வீட்டுல சண்டை. நான் சபையில பேசிட்டேன்லா? சும்மா எடுத்துட்டுப் போனா ஊர்ல என்ன கேப்பாவ? இப்பம் கேட்டா சொல்லுததுக்கு ஒண்ணு இருக்கி. நீங்க மனசுல வச்சிக்கிடாதீய. உங்களப் பத்தி நான் ஒரு வார்த்தை தப்பா சொல்லமாட்டேன். சொல்லுதவங்களத் தடுக்கத்தான் முடியாது."

அறியாமையோடு சண்டை போட அன்னத்தாய் ஆயத்தமாகப் போயிருந்தாள். அங்கே இருந்தது அறிவு. அதற்கு அவள் பையில் ஒன்றும் இல்லை. கலரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தாள். விலக்கு வரைக்கும் தன் பைக்கில் கொண்டுபோய் விடுவதாக இசக்கிமுருகன் சொன்னார். நல்ல மனிதர்தான். அந்தக் கதையில் கெட்ட மனிதர் என்று விரல் நீட்ட ஒருவரும் கிடைக்கவில்லை என்பதுதான் அவளை அதிகம் சோர்வடையச் செய்தது.

ஆக, வதந்தியைப் பற்றி இவ்வளவு சொல்லலாம். நிழல் போனது உண்மை, ஒரு நிமிஷம். பத்துப் பிள்ளைகளுக்கும் போனது. பிள்ளைகளுக்குத் திரும்பி வந்துவிட்டது. பரப்பியவர்களில் பாதிப் பேர் நம்பவில்லை. நம்பாதவர்கள்தான் அதிகம் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கவில்லை. எட்டுப் பேரில் ஆறு பேரைப் பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். இரண்டு பேர் எங்கும் சேரவில்லை. பிச்சைக்கண்ணு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். போவதற்கு முன் பீரோவிலிருந்த பொருள்களைச் சரிபார்த்து ஒப்படைத்தார். பூமி உருண்டையில் ஒரு கீறல் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார். அன்னத்தாயைப் பாளையங்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் மாற்றுப்பணியில் உட்காரவைத்தார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போயிற்று என்று கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. எங்கும் போகாத பிள்ளைக்கு அதில் கட்டம் இல்லை. 'பிற' என்று போடச் சொன்னார்கள். ஜூலையில் நிழலில்லா நாளைச் சிறப்பாகக் கொண்டாடியதற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. பள்ளியின் பெயருக்கு வந்திருந்தது. பள்ளி இல்லாததால் தபால்காரர் அதை டீச்சரிடமே கொடுத்துவிட்டுப் போனார். அதிகாரியும் குழாயும் நிற்கும் அந்தப் போட்டோவும் அதில் அச்சாகியிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் அவள் ஷரீபா பீவிக்குப் போன் போட்டாள். ரைஹானத் ஐந்தாம் வகுப்பு, பெரிய பள்ளியில், நாலு வழிச்சாலையைத் தாண்டி நடந்து போகிறவர்களில் ஒருத்தி. ஆவணி பதினாலான முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்குப் பிள்ளையை இரண்டு நிமிஷம் வெளியே விட்டால் போதும், தானே வந்து காட்டிவிட்டுப் போய்விடுவேன் என்றாள். ஷரீபா பீவிக்கு மறுப்பில்லை. பள்ளியில் கேட்டாள். அங்கே சாப்பாட்டு மணி பன்னிரண்டு நாற்பது. இருபது நிமிஷம் முன்னால் ஒரு பிள்ளையை மட்டும் வெளியே விட்டால் மற்ற பிள்ளைகளும் கேட்பார்கள் என்றார்கள். உச்சிப்பொழுது என்பதால் பிறகு பேச்சு வரும் என்றும் ஒருவர் தயங்கிச் சொன்னாராம். அன்னத்தாய்க்கும் அலுவலகத்தில் அனுமதி கிடைக்கவில்லை. அன்றைக்குள் 'பிற' கணக்கை முடித்துத் தர வேண்டியிருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி சாயந்திரம் ஷரீபா பீவியின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது ரைஹானத்.

"நான் உள்ளதான் இருந்தேன் டீச்சர். வகுப்புல சன்னல் மேக்க பாத்து இருக்கி. ஒண்ணும் தெரியல."

அன்னத்தாய், ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"ஏப்ரல்ல பரிச்சை இருக்கும். அப்புறம் நான் ஆறாப்பு போயிருவேன். எந்த ஊர்ல சேப்பாங்கன்னு உம்மாவுக்கே தெரியல."

"அப்பம் அடுத்த ஆவணிக்கு வாரேன், நீ எங்க இருந்தாலும்."

மறுமுனையில் நோட்டுத் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஆவணி பதினாலு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு அதற்குக் கீழே தேதி எழுத வேண்டும், என்ன தேதி என்று ரைஹானத் கேட்டாள். ஊர் தெரிந்தால்தான் தேதி சரியாகச் சொல்ல முடியும். ஆவணியில் வடக்கே போனால் ஒரு நாள் முந்தும், தெற்கே போனால் பிந்தும் என்று அன்னத்தாய் சொன்னாள். சரி, எடத்த மட்டும் விட்டு வைக்கேன் என்று சொல்லி ரைஹானத் போனை வைத்தாள்.

அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.